புது லப்டொப் வீட்டுக்கு வந்த முதல் நாள்: வன்னி வாசகர்களுக்கான முழுமையான வழிகாட்டி

கிளிநொச்சியில் வாங்கினாலும் வவுனியாவில் வாங்கினாலும் கடையில் ஒரு கேள்வி வரும்: "எல்லாம் போட்டு ரெடியாக்கித் தரட்டோ?" நல்ல மனத்தோடுதான் கேட்பார்கள். ஆனாலும், "வேண்டாம் அண்ணை, வீட்டில நாங்களே போடுறம்" என்று சொல்லிவிடுங்கள். இந்த வழிகாட்டியில் மற்றதெல்லாம் மறந்தாலும் இதை மறக்க வேண்டாம்.

விண்டோஸ் 11 உள்ள லப்டொப்பை முதன்முதல் எழுப்பும்போது ஒரு மைக்ரோசொஃப்ற் அக்கவுண்ட் கேட்கும். எந்த அக்கவுண்டைக் கொடுக்கிறோமோ அதன் பெயரில்தான் லப்டொப் பதிவாகும். இப்போது வரும் பெரும்பாலான லப்டொப்புகளில் உள்ளே இருக்கும் கோப்புகள் தாமாகவே பூட்டப்படுகின்றன. அந்தப் பூட்டின் மீட்புச் சாவியும் அதே அக்கவுண்டில்தான் போய் உட்காரும். கடையில் யாரோ ஒருவருடைய ஈமெயிலைப் போட்டு எழுப்பினால் சாவி அவரிடம் இருக்கும். இரண்டு வருடம் கழித்து ஒருநாள் திரை நீலமாகிச் சாவியைக் கேட்கும்போது அந்தத் தம்பி கடையில் வேலை செய்வாரோ, வெளிநாடு போயிருப்பாரோ, யாருக்குத் தெரியும்?

கடையை விட்டு வெளிக்கிடுமுன்

பெட்டியில் ஒட்டியிருக்கும் தொடர் இலக்கமும் லப்டொப்பின் அடிப்பக்கத்து இலக்கமும் ஒன்றா என்று பாருங்கள். அதே இலக்கம் பில்லிலும் எழுதப்பட வேண்டும். வொறன்ரி எத்தனை வருடம், பழுதிருந்தால் எத்தனை நாளுக்குள் மாற்றித் தருவார்கள் என்பதையும் பில்லிலேயே எழுதுவியுங்கள். வாய்ச்சொல் பிறகு உதவாது.

லப்டொப்பை ஒருமுறை போட்டு, நாட்டைத் தெரிவு செய்யச் சொல்லும் முதல் திரை வரை போகவிட்டுப் பாருங்கள். புதிது என்றால் அந்தத் திரைதான் வரும். வேறு யாருடைய பெயரோ, நேரே டெஸ்க்டொப்போ வந்தால் யாரோ முன்பே எழுப்பிவிட்டார்கள் என்று அர்த்தம். திரையில் அசையாத கறுப்பு அல்லது வண்ணப் புள்ளிகள் உண்டா, பிணைச்சல் திறந்து மூடும்போது சத்தம் போடுகிறதா என்பதையும் அங்கேயே கவனியுங்கள்.

கட்டாயம் கேட்க வேண்டிய இன்னொரு கேள்வி: "இதில விண்டோஸ் லைசென்ஸ் இருக்கோ, டொஸ் மெசினோ?" டொஸ் என்றால் விண்டோஸ் லைசென்ஸ் இல்லாமல் விற்கும் மெசின். விலை குறைவு, ஆனால் விண்டோஸ் உங்களுக்குச் சொந்தமில்லை. பிறகு யாராவது கள்ள விண்டோஸ் போட்டுக் கொடுப்பார்கள். அதைச் செயற்படுத்தும் கருவிகளை ஓடவிட முதலில் வைரஸ் பாதுகாப்பை நிறுத்தச் சொல்வார்கள். வங்கி வேலையும் பிள்ளையின் படிப்பும் நடக்கப்போகும் மெசினில் காவல்காரனை வெளியே அனுப்பிவிட்டு ஊர் பேர் தெரியாத ஒன்றை உள்ளே விடுவது சரியில்லை. காசு இடங்கொடுக்காவிட்டால் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ற் அல்லது உபுண்டு போடுங்கள். இரண்டும் இலவசம், தமிழ் எழுத்தும் திரையில் சரியாகத் தெரியும்.

உங்கள் மெசினில் என்ன இருக்கிறதென்று பார்க்க: செற்றிங்ஸ், சிஸ்டம், அக்டிவேசன். தனியார் பாவனைக்கு வாங்கிய லப்டொப்பில் 'நிறுவனத்தின் செயற்படுத்தும் சேவை மூலம்' என்ற பொருளில் ஆங்கில வரி வந்தால் அது முறையான லைசென்ஸ் இல்லை.

வெளிநாட்டு உறவினர் கொண்டுவந்த லப்டொப்

வன்னியில் பல வீட்டு லப்டொப்புகள் கனடா, சுவிஸ், பிரான்ஸ், ஜேர்மனி என்று சூட்கேஸில் வந்தவை. அவற்றுக்குத் தனியாகச் சில விடயங்கள் உண்டு.

முதலில் சார்ஜரின் அடியில் உள்ள சிறிய எழுத்தைப் படியுங்கள். இன்புட் என்ற வரியில் 100 முதல் 240 வோல்ற், 50/60 ஹேர்ட்ஸ் என்று இருந்தால் நம் 230 வோல்ற் 50 ஹேர்ட்ஸ் கரண்டுக்கு அப்படியே பொருந்தும். டிரான்ஸ்போமர் எதுவும் வேண்டாம். மாற்ற வேண்டியது சுவரில் செருகும் வயர் மட்டுமே. சார்ஜர் கட்டையிலிருந்து கழற்றக்கூடிய வயராக இருந்தால் அதன் வாயைப் பாருங்கள். மூன்று இலை சேர்ந்த வடிவில் இருப்பது ஒருவகை, எட்டு இலக்கம் போல இருப்பது இன்னொருவகை. பழைய வயரைக் கையில் கொண்டுபோய், அதே வாயும் மறுமுனையில் 13 அம்பியர் சதுரக்கால் பிளக்கும் உள்ள வயராக வாங்குங்கள். ஆடும் மாற்றுப் பிளக்குகளை அடுக்கிச் செருகினால் தொடுமிடம் சூடாகி உருகும்.

பிரான்ஸ் விசைப்பலகையில் மேல் வரிசை ஏ, இசட் என்று தொடங்கும். ஜேர்மன், சுவிஸ் விசைப்பலகைகளில் வையும் இசட்டும் இடம் மாறியிருக்கும். செற்றிங்ஸில் அமெரிக்க விசைவரிசையைச் சேர்த்தால் அடிக்கும் எழுத்து மாறும், விசைமேல் அச்சிட்ட எழுத்து மாறாது. பாஸ்வேர்ட் பிழை பிழை என்று வருவதற்கு இதுவே அடிக்கடி காரணம்.

பாவித்த லப்டொப் என்றால், கொண்டுவந்தவர் பக்கத்தில் இருக்கும்போதே எல்லாவற்றையும் அழித்துப் புதிதாக்குங்கள்: செற்றிங்ஸ், சிஸ்டம், ரிக்கவரி, ரீசெற், 'எல்லாவற்றையும் அகற்று'. அவர் விமானம் ஏறியபின் பாஸ்வேர்ட் கேட்டு அலைய வேண்டியதில்லை. அழித்தபின்னும் முதல் திரைகளில் ஒரு கம்பனியின் அல்லது பாடசாலையின் பெயர் வந்து உள்நுழையச் சொன்னால், அது இன்னும் அந்த நிறுவனத்தின் கட்டுப்பாட்டிலேயே இருக்கிறது. அவர்கள் விடுவிக்கும்வரை அந்த மெசினில் நேரமும் காசும் போட வேண்டாம்.

கரண்ட்

முதற்சார்ஜை எட்டு மணித்தியாலம் போட வேண்டும் என்பது பழைய வகைப் பற்றரிகளின் கதை. லிதியம் பற்றரிக்கு அப்படி ஒரு விரதமும் இல்லை. ஆனால் பாதிக்கு மேல் ஏறியபிறகு, சார்ஜரைச் செருகியபடியே வேலையைத் தொடங்குங்கள். இடையில் கரண்ட் போனால் பற்றரி தாங்கும், அரைகுறை அப்டேற்றால் மெசின் கெடாது.

உலோக உடல் உள்ள லப்டொப்பில் சார்ஜ் ஆகும்போது கை வைத்தால் மெல்லச் சுறுசுறுவென்று அடிப்பதாகப் பலர் பயப்படுகிறார்கள். சார்ஜருக்குள் இருக்கும் வடிகட்டிக் கொள்ளளவிகள் வழியாக மிகச் சிறிய மின்கசிவு இருக்கும். எர்த் கம்பி இருந்தால் அது மண்ணுக்குப் போய்விடும். எர்த் இல்லாத மல்ரி பிளக்கிலோ இரண்டு கால் மாற்றியிலோ செருகினால் போக வழியில்லாமல் லப்டொப்பின் உடம்பில் நிற்கிறது. சரியாக எர்த் கொடுத்த மூன்று கால் பொயின்றில் மூன்று கால் சார்ஜரைச் செருகினால் அநேகமாக நின்றுவிடும். மெல்லிய சுறுசுறுவென்று இல்லாமல் உண்மையாகவே அடித்தால் உடனே கழற்றி, வீட்டு எர்த்தை மின்னியலாளரிடம் காட்டுங்கள்.

ஒக்டோபர், நவம்பரிலும் மார்ச், ஏப்ரலிலும் பின்னேரத்து இடி வன்னிக்குப் பழக்கமானது. மேகம் கறுத்ததும் சார்ஜரைச் சுவரிலிருந்து கழற்றுங்கள். சுவிச்சை நிறுத்தினால் மட்டும் போதாது. ரவுற்றரோடு வயரால் இணைத்திருந்தால் அதையும் கழற்றுங்கள். கிட்டத்தில் விழும் இடியை, திடீர் மின்பாய்ச்சலைத் தடுக்கும் எந்தச் சேர்ஜ் புரொடெக்டரும் தாங்காது.

இணைப்பு

விண்டோஸ் 11 ஹோம் பதிப்பு இன்ரநெற் இல்லாமல் முதற் திரைகளைத் தாண்ட விடாது. ரவுற்றர் இல்லாவிட்டால் போன் ஹொட்ஸ்பொட் போதும். தொடங்குமுன் மீதி டேற்றாவைப் பாருங்கள், குறைந்தது 10 ஜீபியாவது இருக்கட்டும். முதல் அப்டேற்றுகள் மட்டுமே பல ஜீபி இழுக்கும்.

சில புதிய லப்டொப்புகளில் வைஃபைக்கான மென்பொருள் இல்லாததால் வைஃபை பட்டியலே வெறுமையாக இருக்கும். பழுதென்று கடைக்குக் கொண்டோட வேண்டாம். அன்ட்ரொயிட் போனை யூஎஸ்பி வயரால் இணைத்து, போனில் 'யூஎஸ்பி டெதரிங்'கைப் போடுங்கள். அந்த வழியே இன்ரநெற் வந்து, அப்டேற்றோடு வைஃபைக்குரியதும் இறங்கிவிடும். வயர் டேற்றா கடத்தக்கூடியதாக இருக்க வேண்டும். சார்ஜுக்கு மட்டுமான மலிவு வயரில் இது நடக்காது.

முதற் திரைகள், வரிசைப்படி

1. நாடு: ஸ்ரீலங்கா.

2. விசைப்பலகை: அமெரிக்க ஆங்கிலம் (வெளிநாட்டு விசைப்பலகை என்றால் விசையில் அச்சிட்டதற்கு ஏற்றது). இரண்டாவது விசைப்பலகையைத் தவிருங்கள். தமிழை இப்போது சேர்த்தால் பாஸ்வேர்ட் அடிக்கும்போது குழப்பம் வரும்.

3. வைஃபை அல்லது ஹொட்ஸ்பொட். இதன்பின் அப்டேற் தேடிக்கொண்டு நிற்கும். அரை மணித்தியாலம் நின்றாலும் பவர் பட்டனை அழுத்தாதீர்கள்.

4. பாவனை: தனிப்பட்டது. பல்கலைக்கழகம் தந்த ஈமெயிலை இங்கே போட வேண்டாம். வவுனியாப் பல்கலைக்கழகத்திலோ அறிவியல்நகர் பீடங்களிலோ படித்து முடித்தபின் அந்த ஈமெயில் எப்போதும் உங்களிடம் இருக்கும் என்று சொல்ல முடியாது. லப்டொப் இருக்கும்.

5. மைக்ரோசொஃப்ற் அக்கவுண்ட்: உங்களிடம் ஏற்கெனவே உள்ள ஜீமெயிலையே கொடுத்து அக்கவுண்ட் திறக்கலாம், புதிய ஈமெயில் தேவையில்லை. மீட்புக்கென்று போன் இலக்கம் கேட்கும். வீட்டில் நெடுநாள் மாறாத சிம்மின் இலக்கத்தைக் கொடுங்கள். சலுகைக்காக மாதம் ஒருமுறை மாற்றும் சிம் கூடாது. பிறகு ஆறுதலாக இரண்டாவது மீட்பு ஈமெயிலையும் சேருங்கள்.

6. பின் இலக்கம் (லப்டொப்பைத் திறக்க அடிக்கும் இரகசிய எண்): ஆறு இலக்கம். பிறந்த வருடமும் மோட்டார் சைக்கிள் இலக்கமும் வேண்டாம்.

7. அந்தரங்கக் கேள்விகள்: விளம்பர அடையாளம் போன்றவற்றை நிறுத்திவிடலாம். தொலைந்தால் தேடும் வசதியை விட்டுவையுங்கள், அதற்கு இருப்பிடம் அறிதல் தேவை என்பதால் அதையும் நிறுத்த வேண்டாம்.

8. கட்டணச் சேவைகளுக்கு அழைக்கும் திரைகள் எல்லாவற்றிலும் 'வேண்டாம்' என்றோ 'இப்போதைக்குத் தவிர்' என்றோ சிறிய எழுத்தில் ஒரு வழி இருக்கும். வங்கி அட்டை இலக்கத்தை எங்கும் கொடுக்க வேண்டியதில்லை.

டெஸ்க்டொப் வந்ததும் வலது மூலையில் நேரத்தைப் பாருங்கள். பிழை என்றால் நேர வலயத்தை 'ஸ்ரீ ஜயவர்தனபுர', 5.30 என்று மாற்றுங்கள். நாளும் நேரமும் பிழையாக இருந்தால் வங்கித் தளங்கள் உட்படப் பல தளங்கள் பாதுகாப்பு எச்சரிக்கை காட்டித் திறக்காமல் நிற்கும்.

48 இலக்கச் சாவி

அடுத்த வேலை இதுவே, நாளைக்குத் தள்ள வேண்டாம். செற்றிங்ஸ், பிரைவசி அன்ட் செக்கியூரிற்றி, டிவைஸ் என்கிரிப்சன் என்று போய்ப் பாருங்கள். அது போட்டிருந்தால் மெசின் பூட்டியிருக்கிறது. திருடு போனாலும் உங்கள் படங்களும் கடிதங்களும் அடுத்தவர் கண்ணில் படாது, நல்லதுதான். ஆனால் தாய்ப்பலகை மாற்றினால், பயோஸ் (மெசினை எழுப்பும் அடிப்படை மென்பொருள்) அப்டேற் ஆனால், சிலவேளை சாதாரண அப்டேற்றுக்குப் பிறகும்கூட, நீலத்திரையில் மீட்புச் சாவி கேட்கும். பின் இலக்கமும் பாஸ்வேர்டும் அங்கே செல்லாது.

போனில் உங்கள் மைக்ரோசொஃப்ற் அக்கவுண்டுக்குள் போய், டிவைசஸ் பகுதியில் லப்டொப்பின் பெயரைத் தொட்டால் ரிக்கவரி கீ தெரியும். ஆறாறு இலக்கமாக எட்டுக் கூட்டம், மொத்தம் 48. அதை ஒரு சீ.ஆர். கொப்பியில், பேனையால், கூட்டத்துக்கு ஒரு வரியாக எழுதுங்கள். ஒருவர் வாசிக்க மற்றவர் எழுதி, பிறகு எழுதியவர் திருப்பி வாசிக்கட்டும். 1, 7 இரண்டும் ஒன்றுபோல் தெரியாமல் எழுதுங்கள். அதே பக்கத்தில் சாவி அடையாளத்தின் (கீ ஐடி) முதல் எட்டு எழுத்து, ஈமெயில் முகவரி, தொடர் இலக்கம், வாங்கிய திகதி. காணி உறுதி, பிறப்புச் சான்றிதழ் வைக்கும் கோவையில் இந்தக் கொப்பியும் இருக்கட்டும். லப்டொப் பையினுள் வைக்க வேண்டாம்.

டேற்றா ஒழுகாமல் அடைத்தல்

புது லப்டொப் வாங்கிய வீட்டில் மாதப் பக்கேஜ் நாலே நாளில் முடிந்துவிட்டது என்ற முறைப்பாடு வழமையானது. நான்கு இடத்தில் ஒழுகும், நான்கையும் அடைக்கலாம்.

செற்றிங்ஸ், நெற்வேர்க், வைஃபை என்று போய், நீங்கள் பாவிக்கும் இணைப்பின் விபரத்தில் 'மீற்றேர்ட் கனெக்சன்' என்பதைப் போடுங்கள். பெரிய அப்டேற்றுகள் உங்களைக் கேட்காமல் இறங்காது. இது ஒவ்வொரு இணைப்புக்கும் தனித்தனி. ரவுற்றருக்குப் போட்டால் போன் ஹொட்ஸ்பொட்டுக்கும் தனியாகப் போட வேண்டும்.

ஒன்டிரைவ் உங்கள் டெஸ்க்டொப், ஆவணங்கள், படங்கள் மூன்றையும் தானாகவே மேலேற்றத் தொடங்கும். இலவச இடம் 5 ஜீபிதான். போனிலிருந்து கலியாணப் படங்களைக் கொட்டிய அன்றே அது நிரம்பி, மேலேற்றிய டேற்றாவும் போய்விடும். கடிகாரத்துக்குப் பக்கத்தில் உள்ள முகில் படத்தைத் தொட்டு, அதன் செற்றிங்ஸில் 'பக்கப்' பகுதியில் படங்களை நிறுத்துங்கள். ஆவணங்களை விட்டுவைப்பது நல்லது, அவை சிறியவை.

விண்டோஸ் அப்டேற்றின் மேலதிகத் தெரிவுகளில் 'டெலிவரி ஒப்ரிமைசேசன்' என்றொன்று உண்டு. உங்கள் மெசினில் இறங்கிய அப்டேற்றை இன்ரநெற்றில் உள்ள மற்றவர்களுக்கும் பகிர அது இடங்கொடுக்கும். அதை நிறுத்துங்கள். யூரியூப்பில் வீடியோத் தரத்தை 480இல் வையுங்கள். பாடக் காணொளியில் கரும்பலகை எழுத்து அதிலேயே தெரியும்.

இப்படி அடைத்தபின் அப்டேற்றையே மறந்துவிடக் கூடாது. உங்கள் பக்கேஜில் இரவு டேற்றா இருந்தால் இரண்டு கிழமைக்கு ஒருமுறை நள்ளிரவுக்குப்பின் மீற்றேர்ட்டை நிறுத்தி, அப்டேற்றை ஓடவிட்டுப் படுங்கள்.

தமிழ்

செற்றிங்ஸ், ரைம் அன்ட் லாங்குவேஜ், லாங்குவேஜ் அன்ட் ரீஜன், அட் எ லாங்குவேஜ். தேடும் பெட்டியில் தமிழ் என்று ஆங்கிலத்தில் அடித்துத் தமிழைத் தெரிவு செய்யுங்கள். விண்டோஸின் மொழியையே மாற்றவா என்று கேட்கும் பெட்டியின் சரியடையாளத்தை எடுத்துவிடுங்கள். பிறகு தமிழுக்குப் பக்கத்து மூன்று புள்ளியில் தொட்டு, விசைப்பலகையில் 'தமிழ் 99' சேருங்கள். விண்டோஸ் விசையையும் இடைவெளி விசையையும் சேர்த்து அழுத்தினால் ஆங்கிலமும் தமிழும் மாறிமாறி வரும்.

தமிழ் 99இல் உயிர் இடது கையில், மெய் பெரும்பாலும் வலது கையில். வன்னி என்று அடித்துப் பாருங்கள்: வி விசையில் வ, ஐ விசையில் ன, எஃப் விசையில் புள்ளி, மறுபடி ஐ, பிறகு எஸ் விசையில் இ. ஐந்து தட்டில் சொல் வந்துவிடும். தினம் அரை மணித்தியாலம் பழகினால் சில கிழமைகளில் விசையைப் பார்க்காமலே கை போகும். போனில் ஆங்கில எழுத்தால் தமிழடித்துப் பழகியவர்கள் 'தமிழ் பொனற்றிக்'கைச் சேர்க்கலாம்.

நம் ஊரில் பாமினி என்ற பழைய எழுத்துரு விடாது. பாமினியில் அடித்த கோப்பில் இருப்பது தமிழ் எழுத்தே அல்ல. தமிழ் என்ற சொல் அதற்குள் ஜே, கே, பி, ஓ என்ற நான்கு ஆங்கில எழுத்தும் ஓர் அரைப்புள்ளியுமாகக் கிடக்கிறது. பாமினி எழுத்துரு உள்ள மெசினில் மட்டும் அது தமிழ்போலத் தெரியும். அதனால்தான் பாடசாலையிலிருந்தோ சங்கத்திலிருந்தோ வரும் கடிதம் உங்கள் புது லப்டொப்பில் கிறுக்கலாகத் தெரிகிறது. படிப்பதற்கு எழுத்துருவை மட்டும் வாங்கிப் போட்டால் போதும். ஆனால் நீங்கள் புதிதாக எழுதுவதை, எந்த மெசினிலும் தமிழாகவே தெரியும் பொது முறையான யூனிகோடிலேயே எழுதுங்கள். விண்டோஸோடு வரும் நிர்மலா எழுத்துரு அதற்குப் போதுமானது. கூகுளில் தேட, போனில் படிக்க, வட்ஸ்அப்பில் ஒட்ட யூனிகோட்தான் சரிவரும். பழைய பாமினிக் கோப்புகளை மாற்ற இலவச மாற்றிகள் இணையத்தில் உண்டு. மாற்றியபின் எண்களையும் ஆங்கிலச் சொற்களையும் ஒருமுறை சரிபாருங்கள், இடையில் வந்த ஆங்கிலத்தையும் அது தமிழாக்கிவிடும்.

வைக்க வேண்டியதும் எடுக்க வேண்டியதும்

பெட்டியோடு வரும் சோதனைக்கால வைரஸ் மென்பொருளை நீக்கிவிடுங்கள். காலம் முடிந்ததும் தினமும் காசு கேட்டு மறிக்கும். விண்டோஸோடு வரும் டிஃபென்டரே வீட்டுப் பாவனைக்குப் போதும். கடிதம், கணக்கு, பிள்ளையின் ஒப்படைக்கு லிப்ரெஒஃபிஸ் இலவசம். மைக்ரோசொஃப்ற் வேர்ட்தான் வேண்டுமென்றால் உங்கள் அக்கவுண்டைக் கொண்டு பிரவுசரில் இலவசமாகவே பாவிக்கலாம்.

கொமியூனிகேசன் கடைக்குப் பிரின்ற் எடுக்கப் பென் ட்ரைவ் கொண்டுபோவதுதான் நம் பக்கத்தில் வைரஸ் வரும் பெருவழி. நாள் முழுக்க நூறு பேரின் பென் ட்ரைவ் ஏறியிறங்கும் மெசின் அது. திரும்பி வந்து பார்த்தால் கோப்புகள் மறைந்து, அம்புக்குறி போட்ட குறுக்குவழிப் படங்கள் மட்டும் இருக்கும். அவற்றைத் தொடாதீர்கள், தொட்டால்தான் உள்ளே வரும். பென் ட்ரைவை டிஃபென்டரால் ஸ்கான் செய்து, ஃபைல் எக்ஸ்புளோரரில் மறைந்த கோப்புகளைக் காட்டச் சொன்னால் உங்களுடையவை பெரும்பாலும் அங்கேயே இருக்கும். இதைவிட, பீடிஎஃப் ஆக்கி வட்ஸ்அப்பில் அனுப்பிவிடுவது நல்லது. எழுத்துருவும் கலையாது.

ஒரு 32 ஜீபி பென் ட்ரைவை வெறுமையாக்கி, 'ரிக்கவரி டிரைவ்' என்று தேடி மீட்புத் தட்டு ஒன்றைச் செய்து வையுங்கள். மெசின் எழும்ப மறுக்கும் நாளில் அதிலிருந்து எழுப்பலாம்.

வெக்கையும் பயணமும்

ஏப்ரல் மத்தியானம் தகரக் கூரைக்குக் கீழே அறையே 35 பாகையைத் தாண்டும். பற்றரியைத் தின்பது வெக்கையும், நூறு வீதத்திலேயே நிற்பதும். எப்போதும் சார்ஜரில் வைத்துப் பாவிப்பவர்கள் 80 வீதத்தில் நிறுத்தும் வசதியைப் போடுங்கள். லெனோவோவில் வான்ரேஜ், அசுஸில் மைஅசுஸ் என்ற செயலிக்குள் அது இருக்கும். மெத்தையில், தலையணையில் வைத்தால் அடிப்பக்கத் துவாரம் அடைபடும், மேசையோ பலகையோ வேண்டும்.

மல்லாவியிலிருந்து மாங்குளத்துக்கு மோட்டார் சைக்கிளில் கொண்டுபோகும்போது மூடியை மட்டும் மூடிப் பையில் வைப்பது பெரிய பிழை. மூடினால் உறங்குமே தவிர நிற்காது. பைக்குள் தானாக விழித்து, காற்றில்லாமல் கொதிக்கும், இறங்கும்போது பற்றரியும் முடிந்திருக்கும். ஷட்டவுன் செய்து, விளக்கு அணைந்ததைப் பார்த்துப் பையில் வையுங்கள். மழைக்காலத்தில் பைக்கு வெளியே அல்ல, லப்டொப்புக்கே ஒரு பொலித்தீன் உறை.

வொறன்ரித் திருத்தத்துக்கு மெசின் பெரும்பாலும் கொழும்புக்குப் போய்த்தான் வரும். பெட்டியையும் உள்ளே இருந்த மட்டைகளையும் வொறன்ரி முடியும்வரை எறிய வேண்டாம். அனுப்புமுன் கோப்புகளை வெளித் தட்டுக்கு மாற்றி, தொடர் இலக்கத்தையும் நாலு மூலையையும் படமெடுத்து, சார்ஜரையும் கொடுத்ததாகப் பற்றுச்சீட்டில் எழுதுவியுங்கள். மீட்புச் சாவிக் கொப்பி வீட்டிலேயே இருக்கட்டும். தாய்ப்பலகை மாறி வந்தால் முதலில் கேட்பது அதைத்தான்.